சந்தையில் திறக்கும் வாய், வகுப்பில் மூடும் வாய்

நாமக்கல் மாவட்டத்துப் பேளுக்குறிச்சியில் சனிக்கிழமைதோறும் கூடும் மளிகைச் சந்தையையும், அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளில் நடக்கும் பழகுதிறன் பயிற்சி வகுப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பொருந்தாத இணை என்று முதலில் தோன்றும். அங்கே மிளகும் சீரகமும் மல்லியும் விற்கிறார்கள்; இங்கே பேசவும் கேட்கவும் மறுக்கவும் இணங்கவும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் சரக்கைச் சற்று ஒதுக்கிவிட்டுச் சந்தையைக் கவனித்தால், விடிந்தது முதல் அங்கே நடப்பதும் பேசுதல், கேட்டல், மறுத்தல், இணங்குதல் என்னும் இந்த நான்கும்தான். வகுப்பில் பாடமாக இருப்பது சந்தையில் பிழைப்பாக இருக்கிறது.

ஒப்பிடத் தூண்டுவது ஒரு முரண்பாடு. தை பிறந்ததும் வருடத்துக்கான மளிகை வாங்க அம்மாவோடு சந்தைக்கு வரும் கல்லூரி மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். "இந்த விலைக்குக் கட்டுப்படியாகாதுங்கண்ணா, குறைச்சுப் போடுங்க, இல்லாட்டி அடுத்த கடையில பார்த்துக்கறோம்" என்று தன்னைவிட இருபது வயது மூத்த கடைக்காரரிடம் அவள் கூசாமல் சொல்கிறாள். திங்கட்கிழமை வகுப்பில் "உன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசம்மா" என்று பயிற்றுநர் அழைத்ததும் அவளே தரையைப் பார்த்து நிற்கிறாள். அவளுக்குப் பேச்சுத்திறன் போதாது என்று பதிவேட்டில் குறித்துவிடுவது எளிது. சனிக்கிழமை நடந்தது அந்தக் குறிப்பைப் பொய்யாக்குகிறது. அவள் மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. எனவே ஆராய வேண்டியது இடங்களை.

வாயைத் திறந்தால் அவமானமோ தண்டனையோ வந்து சேராது என்று ஒரு குழுவினர் பொதுவாக நம்பியிருக்கும் நிலையை மனப்பாதுகாப்பு என்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 பணிக்குழுக்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரைக்குப் பிறகு அலுவலக உலகம் இக்கருத்தைப் பெரிதாகப் பேசத் தொடங்கியது. ஆனால் அதன் பிறந்த வீடு அலுவலகம் என்று சொல்ல முடியாது. கார்ல் ரோஜர்ஸ் 1950களில் படைப்பாற்றலைப் பற்றி எழுதியபோது இதைப் பேசினார்; எட்கர் ஷைனும் வாரன் பென்னிஸும் 1965இல் குழுப் பயிற்சி முறைகளை ஆராய்ந்தபோது இதைப் பேசினார்கள். பயிற்சி அறைக்கு இது சொந்தப் பிள்ளை. சந்தைக்கோ இப்படி ஒரு கருத்து இருப்பதே தெரியாது; தெரியாமலே அதில் பாதியைச் சந்தை நடைமுறையில் வைத்திருக்கிறது.

முதல் ஒற்றுமை, இரண்டிலும் ஒரு பாவனைக்கு இடம் இருப்பது. கடைக்காரர் சொல்லும் முதல் விலை கடைசி விலை ஆகாது என்பது இருவருக்கும் தெரியும்; வாங்குபவர் கேட்கும் முதல் விலையும் அப்படியே. பிறகு விலையைக் குறைக்கும்போது எவரும் எவரையும் பொய்யர் என்று சொல்வதில்லை. பயிற்சி அறையில் வேடமேற்று நடிக்கும் பயிற்சி இதே வேலையைச் செய்கிறது. கோபக்கார வாடிக்கையாளராக ஒருவரும் கடை ஊழியராக மற்றொருவரும் நடிக்கும்போது, தடுமாறுவது ஊழியர் வேடம்தான். அதைப் போட்டுக்கொண்ட மாணவருக்குக் காயம் இல்லை. வேற்றுமை அடுத்த நொடியில் வருகிறது. சந்தையில் பேரம் முடிந்ததும் பாவனை அப்படியே கரைந்துவிடும். வகுப்பில் நடிப்பு முடிந்ததும் பயிற்றுநர், "நீ ரொம்பப் பயந்துட்டே" என்கிறார். வேடத்தைக் கழற்றி ஆளைக் காட்டிவிட்டார். "அந்த ஊழியர் இரண்டாவது கேள்விக்கு என்ன சொல்லியிருக்கலாம்?" என்று கேட்டிருந்தால் பாதுகாப்பு கலையாது.

இதையொட்டிய அடுத்த ஒற்றுமையை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். மனப்பாதுகாப்பு என்றதும் பலரும் மென்மையைக் கற்பனை செய்கிறார்கள்: யாரையும் திருத்தக் கூடாது, எல்லாவற்றுக்கும் கைதட்ட வேண்டும். பேளுக்குறிச்சிச் சந்தையில் மென்மை எதுவும் இல்லை. மிளகை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறார்கள். பப்பாளி விதை கலந்திருக்குமோ என்று உள்ளங்கையில் பரப்பித் துழாவுகிறார்கள். மல்லியைக் கசக்கி மோந்துவிட்டு, "வாசமே இல்லீங்களே" என்று கடைக்காரரின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். சரக்கின் மேல் இவ்வளவு கடுமை. ஆளின் மேலோ "ங்க" குறைவதில்லை. கடைக்காரரும் "அந்தப் பக்கத்து மூட்டையைப் பாருங்க, அது புதுசுங்க" என்று அடுத்ததைக் காட்டுகிறார். குறை மல்லியோடு நின்றுவிட்டது.

நல்ல பயிற்சி அறையிலும் இதே பிரிவினை இருக்கிறது. எந்தச் சூழலில், எந்தச் செயல், என்ன விளைவை உண்டாக்கியது என்ற மூன்றோடு கருத்துரையை நிறுத்திக்கொள்ளும் முறையைப் பல பயிற்றுநர்கள் பின்பற்றுகிறார்கள். "அவர் பேசி முடிப்பதற்குள் நீங்கள் குறுக்கிட்டீர்கள், அதோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்" என்பது செயலைப் பற்றிய கடுமை. "உங்களுக்குப் பொறுமையே கிடையாது" என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. முதலாவதைக் கேட்டவர் மறுமுறை திருத்திக்கொள்ள முடியும். இரண்டாவதைக் கேட்டவர் மறுமுறை வாயைத் திறப்பாரா என்பதே சந்தேகம். செயலில் கண்டிப்பும் ஆளிடம் மரியாதையும் ஒன்றாக இருக்கலாம் என்பதை எட்மண்ட்சனும் தொடர்ந்து வலியுறுத்துகிறார். பாதுகாப்பு மட்டும் இருந்து கண்டிப்பு இல்லாவிட்டால் சுகமாக உட்கார்ந்திருக்கலாம், கற்க முடியாது. கண்டிப்பு மட்டும் இருந்தால் பதற்றம்தான் மிஞ்சும்.

எட்மண்ட்சனின் வேறோர் ஆய்வு சந்தைக்கு இன்னும் நெருக்கமாக வருகிறது. 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை எண்ணிப் பார்த்தபோது, நன்றாகச் செயல்படுவதாகத் தோன்றிய குழுக்களில் தவறுகளின் எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. நல்ல குழுக்கள் அதிகம் தவறிழைத்தன என்று இதற்குப் பொருள் கொள்ளவில்லை அவர். அவர்கள் தவறை வெளியே சொன்னார்கள், மற்றவர்கள் மறைத்தார்கள். சந்தையிலும் "இது போன வருசத்துச் சரக்குங்க, விலை கம்மி" என்று தானாகச் சொல்லும் கடைக்காரரிடம்தான் கூட்டம் நிற்கிறது. குறையை ஒப்புக்கொள்வது நம்பிக்கையை வளர்க்கிறது என்பதில் மருத்துவமனையும் மளிகைக் கடையும் கைகோக்கின்றன.

ஆனால் இங்கே தராசு சாயும் இடம் ஒன்று உண்டு. பழைய சரக்கு என்று ஒப்புக்கொண்ட கடைக்காரர் அதற்கு விலை கொடுக்கிறார். கிலோவுக்குப் பத்தோ இருபதோ குறைகிறது. சந்தைக்கு அது நியாயம். "எனக்கு மேலதிகாரியிடம் மறுத்துப் பேசத் தெரியவில்லை" என்று வகுப்பில் ஒப்புக்கொள்ளும் மாணவரிடமும் இப்படி விலை வாங்கினால் அது அநியாயம். நம் கல்லூரிகளில் அந்த விலையை மதிப்பெண்ணாக வாங்கிக்கொள்கிறோம். தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்துக்குப் பிறகு திறன் பயிற்சி கல்லூரிப் படிப்பின் பகுதியாகவே ஆகிவிட்டது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத வாய்ப்பு கையருகே வந்ததை மனமார வரவேற்கிறேன். அதே சமயம், பயிற்சியைத் தருபவரே மதிப்பிடுபவராகவும் இருக்கும்போது, எந்த மாணவர் தன் குறையை அவர் முன் விரித்துக் காட்டுவார்? பழகும் நேரத்தையும் மதிப்பெண் போடும் நேரத்தையும் பிரித்து வைக்காத வகுப்பில், குறையை மறைப்பதே கெட்டிக்காரத்தனம் ஆகிவிடுகிறது.

சந்தையைப் புகழ்ந்துகொண்டே போனால் ஒப்பீடு நேர்மையாக இராது. சந்தையில் எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பு கிடைப்பதில்லை. அந்த மாணவி தைரியமாகப் பேசியதன் மூலகாரணம் "அடுத்த கடையில பார்த்துக்கறோம்" என்ற சொற்றொடரில் இருக்கிறது. அவளால் எழுந்து போக முடியும். எதிர்ப்பக்கத்தில் நிற்பவரால் முடியுமா? பக்கத்திலிருக்கும் கொல்லிமலையின் 70 கொண்டைஊசி வளைவுகளுக்கு மேலே விளைவதைப் பாருங்கள். மிளகைக் காயவைத்து மூட்டை கட்டினால் வருடக்கணக்கில் தாங்கும். பலாவும் அன்னாசியும் சில நாளுக்கு மேல் தாங்காது. மிளகு வைத்திருக்கும் மலைவாழ் விவசாயி "இந்த விலைக்கு வேண்டாங்க" என்று மூட்டையைத் திரும்பக் கட்டலாம். பலாவோடு வந்தவருக்கு மாலை நெருங்க நெருங்கக் குரல் இறங்குகிறது. அவர் வியாபாரியிடம் முன்பணமும் வாங்கியிருந்தால் பேரம் பேசுவதற்கே வாய் எழாது. இருவரும் ஒரே மலையில் இருந்து, ஒரே மரியாதைச் சொற்களோடு வந்தவர்கள். காத்திருக்க முடிந்தவருக்குப் பேச்சு வருகிறது, முடியாதவருக்கு வருவதில்லை.

பயிற்சி அறைக்குள்ளும் மிளகுக்காரரும் பலாக்காரரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வளாக நேர்காணலில் வேலை கிடைக்காவிட்டால் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கும் மாணவர் துணிந்து தவறு செய்வார், சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வார். அந்த ஒரு வேலையை நம்பி வீட்டில் கடன் வாங்கியிருக்கும் மாணவருக்கு ஒவ்வொரு தவறும் எதிர்காலத்தில் இருந்து கழிந்துபோவதாகத் தெரியும். "இங்கே யாரும் தயங்க வேண்டாம், எல்லாரும் சமம்" என்று பயிற்றுநர் எத்தனை முறை சொன்னாலும் இந்தக் கணக்கு மாறாது. சொல்லால் வராத பாதுகாப்பு ஏற்பாட்டால் வரும். "இம்முறை நான் பார்வையாளனாக இருந்துகொள்கிறேன்" என்று காரணம் சொல்லாமல் விலகும் உரிமையை எல்லோருக்கும் கொடுப்பது அத்தகைய ஓர் ஏற்பாடு. சந்தையில் மல்லியைக் கசக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. விலகும் உரிமை இருப்பதாலேயே கூட்டம் கடையை நெருங்குகிறது.

அடுத்து, மறைத்தல். அதே நாமக்கல் மாவட்டத்தில் புதன்சந்தையில் மாட்டுச் சந்தை கூடுகிறது. மாட்டுச் சந்தைத் தரகர்கள் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைத் தொட்டு விலை பேசும் முறை தமிழ்நாட்டில் உண்டு. விலை படியவில்லை என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடலாம். எவ்வளவு கேட்டார், எவ்வளவுக்கு மறுத்தார் என்பது சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. குறைத்துக் கேட்டவருக்கும் மானம் போகவில்லை. மாட்டுக்காரருக்கும் அடுத்த பேரம் பழைய எண்ணின் சுமை இல்லாமல் தொடங்குகிறது.

பயிற்சி அறையில் இதற்கு ஈடாக ஒரு சீட்டு இருக்கிறது. "மற்றவரோடு பேசுவதில் உங்களுக்குக் கடினமானது எது?" என்ற கேள்விக்குப் பெயர் எழுதாமல் பதில் எழுதி, மடித்து, ஒரு டப்பாவில் போடச் சொல்வார்கள். பயிற்றுநர் கலைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பார். தன் சீட்டில் எழுதியதையே வேறு நான்கு பேரும் எழுதியிருப்பதைக் கேட்கும்போது ஒரு மாணவருக்கு வரும் ஆறுதல் சிறிதல்ல.

துண்டும் சீட்டும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றினாலும், அவை மறைப்பது நேர்எதிரானவற்றை. துண்டுக்குக் கீழே இருவருக்கும் ஒருவரையொருவர் முழுக்கத் தெரியும். ஊருக்குச் சொல் தெரியாது. சீட்டில் சொல் ஊருக்கே தெரியும். ஆள் யாருக்கும் தெரியாது. ஆகவே அவற்றின் ஆபத்துகளும் எதிரெதிர்த் திசையில் வருகின்றன. துண்டின் மறைவில் தரகர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டால், பக்கத்தில் நிற்கும் மாட்டுக்காரரே ஏமாறலாம். சீட்டின் மறைவிலோ பொறுப்பில்லாமல் ஒருவரைக் குத்தலாம். எனவே தன்னைப் பற்றி எழுதுவதற்குச் சீட்டும், ஒருவர் மற்றொருவரைப் பற்றிச் சொல்வதற்குத் துண்டும் பொருந்தும் என்பது என் முடிவு. கருத்துரையை அறுபது பேர் நடுவே சொல்லவைக்காமல் இருவர் தனியே அமர்ந்து சொல்லிக்கொள்ள விடுவதைத்தான் பயிற்சி அறையின் துண்டு என்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் இரண்டு இடங்களிலும் மாறாமல் ஒலிக்கிறது: "எந்த ஊருங்க?" சந்தையில் அதைக் கேட்டால் பெரும்பாலும் பேச்சு நீளும், பக்கத்து ஊர்ப் பெயர் வரும், தெரிந்தவர் ஒருவர் பெயர் வரும், விலையில் கொஞ்சம் இறக்கமும் வரலாம். வகுப்பில் அதே கேள்வி, எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன தொழில் என்று அடுத்தடுத்து நகரும்போது, சாதியைத் துழாவும் கையாக ஆகிவிடுகிறது. சந்தைக்கும் சாதி புதிதல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் சந்தையில் அக்கேள்விக்குப் பதில் சொல்லாமல் கடக்கலாம். வகுப்பில் எழுந்து நிற்கவைத்துக் கேட்கும்போது கடக்க வழியில்லை. செல்ஃப் இன்ட்ரொடக்ஷன் என்ற பெயரில் ஊர், குடும்பம், அப்பாவின் தொழில் ஆகியவற்றை முதல் நாளிலேயே அறுபது பேர் முன்னால், அதுவும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லும் வழக்கத்தைப் பயிற்றுநர்கள் பழக்கமாகத்தான் செய்கிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை. இருந்தும் அந்த ஆண்டின் பாதி மௌனம் அந்த இரண்டு நிமிடத்தில் உருவாகிவிடுகிறது.

பழக்கம் எப்படி ஊறுகிறது என்பதிலும் இரண்டும் வேறு. பழகுதிறன் பயிற்சியின் வேர்களில் ஒன்று கர்ட் லெவினிடம் இருக்கிறது. 1946இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் அவர் குழு நடத்திய பட்டறையில், பங்கேற்றவர்களின் நடத்தையைப் பற்றிப் பயிற்றுநர்கள் மாலையில் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். பங்கேற்றவர்கள் சிலர் தாங்களும் உட்கார்ந்து கேட்க விரும்பினார்கள். கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. "அது அப்படி நடக்கவில்லை" என்று மறுத்தார்கள். தன்னைப் பற்றிய பேச்சைத் தன் முன்னாலேயே கேட்டு, அதற்குப் பதில் சொல்லவும் முடிவது எவ்வளவு கற்பிக்கிறது என்பது அங்கே வெளிப்பட்டது. லெவின் 1947 பிப்ரவரியில் காலமானார். அந்தக் கோடையில் அவருடைய சகாக்கள் மெய்ன் மாநிலத்தின் பெத்தல் என்ற சிற்றூரில் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார்கள். ஒதுக்குப்புறமான ஊர், வீட்டையும் அலுவலகத்தையும் விட்டு வந்த புதியவர்கள், முடிந்ததும் அவரவர் வழி. அங்கே சொன்னது ஊருக்குப் பின்தொடராது என்பது அவர்களுடைய பாதுகாப்பு.

சந்தை இதற்கு நேர்மாறான வழியில் அதே இடத்தை அடைகிறது. அடுத்த சனிக்கிழமையும் அதே கடை, அதே முகங்கள். இந்த வாரம் சூடாகப் பேசிவிட்டால் அடுத்த வாரம் "என்னங்கக்கா, கோபம் போச்சுங்களா?" என்று சரிசெய்துகொள்ளலாம். பெத்தலில் பிரிந்துபோவதால் பயம் குறைகிறது. பேளுக்குறிச்சியில் திரும்பி வருவதால் பயம் குறைகிறது. நம் கல்லூரி வகுப்புக்கு இரண்டு வசதியும் இல்லை. மாணவர்கள் பிரிந்துபோகும் புதியவர்கள் அல்லர். பயிற்சி மூன்று நாள் பட்டறையாக நடக்கும்போது, அதை முடித்துவிட்டுப் பயிற்றுநர் போய்விடுவதால், தவறைச் சரிசெய்யும் அடுத்த சனிக்கிழமையும் அவர்களுக்கு வருவதில்லை. தவறைப் பார்த்த அறுபது பேர் மட்டும் மூன்றாண்டுகள் கூடவே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கிப் பரவியபோது, முன்பின் பேசாத பெண்களைப் பேசவைத்தவற்றில் ஒன்று இந்தத் திரும்ப வருதல்தான் என்று நினைக்கிறேன். அதே பதினைந்து இருபது பேர், அதே பாய், கணக்கை உரக்கப் படிக்கும் அதே வழக்கம்.

பயிற்சி அறையின் பக்கம் சொல்ல வேண்டிய ஒரு பெரிய நன்மையையும் சொல்லியாக வேண்டும். சந்தையில் பேரத்தை முதலில் இருந்து தொடங்க முடியாது. விட்ட சொல் விட்டதுதான், போன காசு போனதுதான். அறையில் "நிறுத்துங்க, அந்த வரியை மறுபடியும் சொல்லிப் பாருங்க" என்று நேரத்தைத் திருப்பலாம். ஆணும் பெண்ணும், மூத்தவரும் இளையவரும் இடம் மாறி உட்காரலாம். பலாக்காரரை மிளகுக்காரராக நடிக்கவைத்து, மறுத்துப் பேசும் வாய்க்கு அது எப்படி இருக்கும் என்று காட்டலாம். எழுந்து போக முடியாதவருக்குச் சந்தை எதையும் செய்து தருவதில்லை. அறை செய்ய முடியும். அந்த ஒரு காரணத்துக்காகவே, அறையைச் சந்தையைவிட மேலான இடமாக ஆக்கலாம் என்று நம்புகிறேன். இன்றைய நிலையில் அது சந்தையைவிடக் கீழே இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல் வட்டாரத்தில் இவ்வகுப்புகளை எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செல்ஃப் இன்ட்ரொடக்ஷனை முதல் வகுப்பில் இருந்து எடுத்து நான்காம் வாரத்துக்குத் தள்ளுங்கள். முதல் மூன்று வாரமும் இருவர் இருவராக உட்காரவைத்து, தமிழிலேயே, மிளகுக்கும் மஞ்சளுக்கும் பேரம் பேசச் சொல்லுங்கள். வாரந்தோறும் அதே இணை திரும்பி அமரட்டும், விலை படியாவிட்டால் எழுந்து போகட்டும். அந்த மூன்று வாரத்துக்கும் மதிப்பெண் பதிவேட்டை வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள்.